தோல்வி நிகழ வேண்டிய இடம்

1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் அறுவை சிகிச்சைக் கூடத்தில், அந்நிறுவனத்திலேயே உருவாக்கப்பட்ட செயற்கை இதய வால்வு முதன்முறையாக ஒரு மனிதரின் மார்புக்குள் பொருத்தப்பட்டது. அந்த வால்வை உருவாக்கியவர்களை நாடு அறியும். நிறுவனத்தை வழிநடத்திய டாக்டர் எம். எஸ். வலியத்தான் 2005-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்; 2024 ஜூலையில் தமது 90-ஆம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் யாராயினும் அந்த வால்வைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

அன்று மேசையில் படுத்திருந்தவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவருடைய பெயர் வெளியே தெரிய வேண்டியதும் இல்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது மருத்துவத்தின் பழைமையான கடமைகளுள் ஒன்று. ஆயினும் அவரை மறந்துவிட்டு இச்சாதனையைப் பாராட்டுவது அரைகுறைப் பாராட்டாகவே முடியும். அதுவரை எந்த மனிதரின் உடலிலும் இடம்பெறாத ஒரு பொருளைத் தம் இதயத்தினுள் ஏற்றவர் அவர். அது தோற்றிருந்தால் மருத்துவர்களுக்கு ஒரு திட்டம் தோற்றிருக்கும். அவருக்கு உயிர் போயிருக்கும்.

ஒருவருடைய உடலைப் புதியதொன்றின் சோதனைக் களமாக்கும் உரிமை இன்னொருவருக்கு எப்படி வருகிறது? பலருக்கு நன்மை விளையும் என்ற நல்லெண்ணத்தால் வருகிறதா? நோயாளி கையொப்பமிட்டார் என்பதால் வருகிறதா? அல்லது இறுதியில் வெற்றி கிடைத்தது என்பதால், பின்னோக்கிப் பார்த்து எல்லாம் சரிதான் என்று சொல்லிவிடலாமா? மருத்துவமனைக்குள் ஒரு முறையேனும் உறவினருக்காகக் காத்து நின்ற எவருக்கும் இது ஏட்டுக் கேள்வி அன்று.

வால்வு என்பது ஒரு கதவு. இரத்தத்தை ஒரு திசையில் போகவிட்டு, திரும்பி வராமல் அது தடுக்கிறது. பணி எளியதுதான், ஆனால் அந்தக் கதவுக்கு ஓய்வே இல்லை. இதயம் நிமிடத்திற்கு எழுபது முறை துடிப்பதாகக் கொண்டால், ஓர் ஆண்டில் அது ஏறக்குறைய 3 கோடியே 68 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். பத்து ஆண்டுகளில் 36 கோடியைத் தாண்டும். வீட்டுக் கதவின் கீல் தேய்ந்தால் எண்ணெய் விடலாம். இந்தக் கீல் தேய்ந்தால் பெரும்பாலும் அதை அறிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நம் நாட்டில் இக்கதவைப் பாழாக்கும் நோய்களுள் முக்கியமானது ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் தொண்டையில் வரும் ஒரு கிருமித் தொற்றைக் கவனியாமல் விட்டால், அதன் பின்விளைவாகக் காய்ச்சலும் மூட்டு வலியும் தோன்றி, இதய வால்வுகள் வீங்கித் தழும்பேறிச் சுருங்கிவிடுகின்றன. நெருக்கமான குடியிருப்பு, வறுமை, மருத்துவரை எட்ட முடியாத தொலைவு ஆகியவையே இந்நோயின் விளைநிலங்கள். பணம் படைத்த நாடுகளில் இது அரிதாகிவிட்டது. இங்கோ பள்ளி செல்ல வேண்டிய சிறுவரும், பிள்ளை பெற வேண்டிய இளம்பெண்களும் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சிரைத்து நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வால்வின் விலை அவர்களுடைய குடும்பங்களின் கைக்கு எட்டாததாக இருந்தது.

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் மக்களுக்காக வழங்கிய பல மாடிக் கட்டடத்தில் தோன்றியது அந்த மருத்துவ நிலையம். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இதற்கு ஓர் இணைப்பு, நகரின் இன்னொரு பகுதியான பூஜப்புரையில், முன்பு ராணி சேது லட்சுமிபாயியின் இல்லமாக இருந்த சாட்டல்மண்ட் மாளிகையில் அமைந்தது. மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்ய வேண்டும் என்பது வலியத்தானின் எண்ணம். அந்நாளில் இந்தியாவில் அது புதுமை. ஜி. எஸ். புவனேஸ்வர் என்ற பொறியாளரின் முன்னிலையில் வால்வுப் பணி அந்த மாளிகையில் நடந்தது.

முதல் வடிவம் தோற்றது. இரண்டாம் வடிவமும் தோற்றது. மூன்றாவதும் தோற்றது.

பெரும்பாலான வெற்றிக் கதைகள் இவ்விடத்தை ஒரே வரியில் தாண்டிச் செல்லும். ‘விடாமுயற்சி’ என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். ஆனால் அறத்தின் நோக்கில் இந்தக் கதையின் மையமே இதுதான். டைட்டேனியம் முதல் ஒற்றைப் படிகமாக வளர்த்த நீலக்கல் வரை பல பொருள்கள் ஆராயப்பட்டன. ஓரிடத்தில் தேய்மானம் மிகுந்தது. ஓரிடத்தில் முறிவு நேர்ந்தது. ஆண்டுகள் கழிந்தன. பொது மக்களின் பணம் செலவாகிக்கொண்டிருந்தது. இந்தியாவில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆராய்ச்சியாளனுக்கு அப்போது ஏற்படும் சபலம் சாதாரணமானதன்று. ‘குறை சிறிதுதான், நோயாளியோ எப்படியும் சாகப் போகிறவர், ஒரு முறை பொருத்திப் பார்த்தால் என்ன?’ என்று மனம் கேட்கும். அந்தக் கேள்விக்கு இரக்கத்தின் சாயல்கூட இருக்கும். அதுதான் அதன் ஆபத்து.

நான்காம் வடிவத்தில் கோபால்ட் உலோகக் கலவையால் ஆன சட்டமும், மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன தட்டும், பாலியெஸ்டர் துணியால் ஆன தையல் வளையமும் அமைந்தன. நீலக்கல் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்தது! பகட்டான பொருள் நிற்காத இடத்தில் எளிய பொருள் நின்றது. வேகமாக இயங்கும் சோதனைக் கருவிகளில் கோடிக்கணக்கான முறை திறந்து மூடியும், ஆடுகளின் உடலில் பொருத்திப் பார்த்தும் திருப்தியடைந்த பிறகே, 1990 டிசம்பரில் அது மனித உடலை அணுகியது.

ஆக, தோல்விகள் இல்லாமல் இல்லை. அவை நேர்ந்த இடம்தான் கவனிக்கத்தக்கது. அவை மேசையின்மீது நேர்ந்தன, கருவிக்குள் நேர்ந்தன, கொட்டிலில் நேர்ந்தன. மனித மார்புக்குள் நேரவில்லை. (ஆடுகளின் உயிருக்கு என்ன கணக்கு என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வியும் நியாயமானதே. அதற்கு எளிய விடை இல்லை. அவற்றைத் துன்புறுத்தாமல் பேண வேண்டும், தேவைக்கு மேல் ஒன்றைக்கூடப் பயன்படுத்தலாகாது என்ற அளவில்தான் மனச்சாட்சியுள்ளவர்கள் இன்று நிற்கிறார்கள்.)

இன்னொன்றும் சேர்த்து நோக்கத்தக்கது. அன்றைய இந்தியாவில் இதய வால்வு போன்ற கருவிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் இதய வால்வு கொண்டுவரப்பட்டது 2005-இல்தான். மருத்துவக் கருவிகளுக்கென்றே தனி விதிகள் 2017-இல் வகுக்கப்பட்டு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. முதல் வடிவத்தையே கொண்டுபோய் நோயாளிக்குப் பொருத்தியிருந்தாலும், இன்று இருப்பது போன்ற ஓர் ஒழுங்குமுறை அதிகாரி வந்து கேட்டிருக்க முடியாது. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் அவனுடைய தர்மம் தெரியும் என்று நம் முன்னோர் கருதினர்.

கேட்க ஆள் இருந்த இடத்தில் நேர்ந்தது

எதிர்மறை உதாரணம் ஒன்று அதே காலத்தைச் சேர்ந்தது. அதுவும் இதய வால்வுதான். ப்யோர்க்–ஷைலி குழிவு-குவிவு வால்வு என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கடுமையான சட்டமும், அனுமதி வழங்கும் அரசு அமைப்பும் இருந்தன. 1979-இல் அங்கே அனுமதி பெற்ற அவ்வால்வு, உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. தட்டைத் தாங்கிப் பிடிக்கும் சிறு கம்பி, சட்டத்துடன் பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்தப் பற்றவைப்பு சிலரிடம் முறிந்தது. முறிந்தால் தட்டு கழன்று இரத்த ஓட்டத்தில் போய்விடும். கதவு இல்லாத வாசலாகிவிடும் இதயம். 600-க்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு மரணத்தில் முடிந்தது. 1986-இல்தான் அது சந்தையிலிருந்து முற்றாக விலக்கப்பட்டது.

முறிவுகள் ஆரம்பத்திலேயே தெரியத் தொடங்கிவிட்டன. ஆனால் பிழையை ஒப்புக்கொண்டு நிறுத்துவதற்குப் பதிலாக, சிறு திருத்தம் செய்து, மேலும் தயாரித்து, மேலும் பொருத்திக்கொண்டே போனார்கள். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே ‘சம்பாதித்துக்கொண்டே கற்றுக்கொள்’ என்னும் பொருள்பட ஒரு கசப்பான சொற்றொடர் இருந்தது. சட்டம் இருந்தது, அதிகாரி இருந்தார், படிவங்கள் இருந்தன. தோல்வியை ஏற்கும் மனம் மட்டும் இல்லை.

அந்த வால்வை மார்பில் சுமந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்றால் மீண்டும் திறந்த இதய அறுவை சிகிச்சை. அதிலும் உயிராபத்து உண்டு. விட்டுவைத்தால், என்றாவது முறியலாம், முறியாமலே போகலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, வால்வின் அளவு, தயாரிக்கப்பட்ட காலம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் கணக்கிட்டு ஆலோசனை கூறினார்கள். ஒரு பட்டறையில் முடிந்திருக்க வேண்டிய தோல்வி, பல்லாயிரம் வீடுகளின் இரவுத் தூக்கத்திற்குள் புகுந்துவிட்டது.

ஆய்வு மேசையின் பொறுமையைப் புகழ்வோர் எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையுடன் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்தில் வால்வு உருவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்தில் விலை கொடுக்க இயலாமல் எத்தனை இளைஞர்கள் இறந்திருப்பார்கள்? அவர்களும் மனிதர்கள்தாமே? தாமதமும் ஒரு வகைத் தோல்விதானே? அந்தத் தோல்வி மேசையின்மீது நிகழவில்லை. குடிசைகளில் நிகழ்ந்தது, கணக்கில் வராமல் நிகழ்ந்தது.

இவ்வாதம் வலுவானது. ‘அவர்கள் நோயால் இறந்தார்கள், எங்களால் அன்று’ என்று மருத்துவர் சொல்லிவிட்டுக் கைகழுவ முடியாது. ஆனாலும் இரண்டு மரணங்களுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நோயால் இறந்தவருக்கு நேர்ந்தது துயரம். சரியாகச் சோதிக்கப்படாத கருவியால் இறந்தவருக்கு நேர்ந்தது துயரமும் ஏமாற்றமும். ஏனெனில் அவர் ஒரு கையை நம்பிப் பிடித்தார், அந்தக் கை நழுவியது. முதல் மரணம் சமூகத்தை மேலும் உழைக்கச் சொல்கிறது. இரண்டாவது, மருத்துவமனையின் வாசலையே சந்தேகிக்கச் செய்கிறது. அவ்வாறு சந்தேகித்து வராமற்போய் இறப்பவர்களையும் கணக்கில் சேர்த்தால், அவசரத்தின் விலை தாமதத்தின் விலையைவிடக் குறைவு என்று சொல்ல இயலாது.

அவசரத்தைக் காட்டவே கூடாது என்பதில்லை. அதை எங்கே காட்டுவது என்பதே கேள்வி. மனித உடலில் பத்து ஆண்டுகளைப் பத்து ஆண்டுகளாகவே கடக்க வேண்டும். சோதனைக் கருவியிலோ வால்வை இதயத்தைவிடப் பன்மடங்கு வேகத்தில் இரவும் பகலும் இயக்கி, அக்காலத்தைச் சுருக்கிவிடலாம். அவசரப்பட வேண்டியவர் கருவியை விரட்டலாம், நோயாளியை விரட்டலாகாது.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுக் கருத்தும் அன்று. சுசுருத சம்ஹிதையில், மாணவன் மனித உடலில் கத்தி வைப்பதற்கு முன் எவற்றில் பயில வேண்டும் என்பது விரிவாகக் கூறப்பட்டுள்ளது. வெட்டுவதைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் பழக வேண்டும். கீறுவதை நீரும் சேறும் நிரப்பிய தோற்பைகளில். சுரண்டுவதை மயிர் நீக்காத தோலில். நரம்பில் துளையிடுவதை இறந்த விலங்கின் இரத்தக் குழாயிலும் தாமரைத் தண்டிலும் பழக வேண்டும். எல்லாச் சாத்திரங்களையும் கற்றிருந்தாலும் இவ்வாறு கைப்பழக்கம் பெறாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அந்நூலின் நிலை. சுரைக்காய் கோணலாக வெட்டுப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை. வலியத்தான் தம் முதிர்ந்த வயதில் சரகர், சுசுருதர், வாக்படர் ஆகிய மூவரைப் பற்றியும் தனித்தனியே பெரிய நூல்களை எழுதியதில் வியப்பில்லை.

ஒரே வளாகம்

இதே திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரை நிறுவனம் அமைந்துள்ள அதே மருத்துவக் கல்லூரி வளாகத்தில், மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. ஏழை எளியோருக்குப் பெரும் தொண்டாற்றிவரும் மருத்துவமனை அது. குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் ஏராளமானோர் அங்கே போகிறார்கள். 1999-2000 ஆண்டுகளில் அங்கு வாய்ப்புற்றுநோயாளிகள் 25 பேருக்கு மேற்பட்டோரிடம் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய வேதிப்பொருள்கள் அவர்களுடைய கட்டிகளில் ஊசிமூலம் செலுத்தப்பட்டன. 2001-இல் அம்மையத்தின் மருத்துவர் ஒருவரே இதைப் பற்றிக் குரல் எழுப்பினார்.

தமக்குச் செலுத்தப்பட்டது சோதனை மருந்து என்பதே தெரியாது என்று சில நோயாளிகள் தரப்பில் கூறப்பட்டது. ஒப்புதல் பெறப்பட்டதாக மையம் கூறியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தானே ஒரு குழுவை அமைத்து விசாரித்து, 2001 நவம்பரில் முடிவை வெளியிட்டது. தன் ஆய்வாளர் பல்கலைக்கழகத்தின் உரிய அனுமதியைப் பெறவில்லை, மனிதருக்குச் செலுத்துமுன் விலங்குகளில் செய்யவேண்டிய பாதுகாப்புச் சோதனைகள் போதுமான அளவு நடைபெறவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்கு அவர் தலைமை ஏற்கத் தடை விதித்தது.

இங்கும் நோக்கம் தீயதன்று. வாய்ப்புற்றுநோய்க்கு மலிவான மருந்து கிடைத்தால் அதனால் மிகுதியும் பயன் பெறப்போவது வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் அந்நோய்க்கு ஆளாகும் நம் நாட்டு ஏழைகள்தாம். வால்வை உருவாக்கியவர்களின் நோக்கத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நோக்கத்தில் தேடினால் வேறுபாடு கிடைக்காது. பூஜப்புரையில் முதலில் கடக்கப்பட்ட படிகள் இங்கே முழுதும் கடக்கப்படவில்லை. தோல்வி வருமாயின் அது நேரே நோயாளியின் வாயிலேயே வரும்படி விடப்பட்டது. பெரிய தீங்கு நேராமல் போயிருந்தாலும் அது நற்பேறு மட்டுமே. நற்பேற்றைக் காட்டி நெறியை நிரூபிக்க முடியாது.

கையொப்பம் பற்றியும் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். மனிதரின் விருப்பபூர்வமான சம்மதம் இன்றி எந்தச் சோதனையும் கூடாது என்பதை, நாஜி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த பிறகு 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் முதல் விதியாக வைத்தன. 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனம் அதை மேலும் விரித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2000-இலும் அதன் பின்னரும் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. இவையெல்லாம் அவசியமானவை.

ஆயினும் நம் நாட்டு மருத்துவமனையில் சம்மதம் எப்படிக் கிடைக்கிறது? கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். முந்தைய நாள் இரவு பேருந்தில் ஏறி, விடியற்காலையில் வந்து சீட்டு வாங்கி, நண்பகல் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கடைசியில் மருத்துவர் முன் நிற்கிறார். மருத்துவர் விளக்கத் தொடங்குகிறார். பெரியவர் இரண்டு கைகளையும் கூப்பி, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. நீங்க பார்த்துச் செய்யுங்க. கடவுள் மாதிரி உங்களை நம்பி வந்திருக்கோம்” என்கிறார். கூட வந்த மகன் காட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறான். சட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் அளித்தது சம்மதமா, சரணாகதியா? சம்மதம் என்றால் மறுக்கவும் இயல வேண்டும். ‘மறுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ’ என்ற அச்சம் உள்ளவரை அது முழுச் சம்மதம் ஆகாது. சரணாகதி என்றாலோ, ஏற்றுக்கொண்டவருடைய பொறுப்பு குறைவதில்லை, பன்மடங்கு கூடுகிறது. கடவுளாகப் பார்க்கப்படுவது மருத்துவருக்குக் கிடைத்த சலுகை அன்று. அவர் தோளில் ஏற்றப்பட்ட சுமை. எதையும் கேட்காத நோயாளிக்கு, அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து மருத்துவரே கேட்டு மருத்துவரே விடை சொல்ல வேண்டியிருக்கிறது: இது வழக்கமான சிகிச்சையா, சோதனையா? இதை மறுத்தால் வேறு சிகிச்சை கிடைக்குமா? இதில் எனக்கு என்ன ஆகலாம்? இந்த மூன்றையும் நோயாளியின் மொழியில், அவர் முகத்தில் புரிதல் தெரியும்வரை, அவசரமின்றிச் சொல்வதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். வெளிநோயாளர் பிரிவில் முந்நூறு பேர் காத்திருக்கும்போது அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும்; சோதனைக்கு நேரம் இருக்கிறதென்றால் அதை விளக்குவதற்கும் நேரம் இருந்தாக வேண்டும்.

அன்றாட அறுவை சிகிச்சையிலும் இதே நெறி வேறு உருவில் செயற்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு பக்க அளவிலான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வகுத்து, டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தது. 2009-இல் வெளியான முடிவின்படி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரும் சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. பட்டியலில் புதிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. இவர்தானே அந்த நோயாளி, இந்தப் பக்கம்தானே, பஞ்சுகளை எண்ணிவிட்டீர்களா என்பன போன்ற கேள்விகளே. கத்தி படுமுன் ஒரு கணம் எல்லாரும் நின்று இவற்றை உரக்கச் சொல்ல வேண்டும். நிபுணருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ‘நான் தவறக்கூடியவன்’ என்று பணியாளர் அனைவர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வதுதான் அந்த ஒரு கணம். செவிலியர் ஒருவர், “டாக்டர், ஒரு பஞ்சு குறைகிறது” என்று சொல்லத் துணிவதும், அதைக் கேட்டுப் பெரிய மருத்துவர் கோபிக்காமல் நிற்பதும் அத்தனை எளிதில் வருவன அல்ல.

கர்மயோகத்தைப் பற்றி அடிக்கடி எழும் ஐயம் ஒன்றுக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. பலனில் பற்றில்லாமல் வேலை செய் என்றால், பலன் எப்படியானாலும் எனக்கென்ன என்று இருந்துவிடுவதா? அப்படியானால் பற்றற்ற மருத்துவரிடம் யார் போவார்கள்? வால்வுக் குழுவினர் பலனைக் குறித்து அலட்சியமாக இல்லை. கோடிக்கணக்கான துடிப்புகளை எண்ணிக் காத்தவர்களை அலட்சியமானவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் ‘இது என் படைப்பு, ஆகவே இது வென்றாக வேண்டும்’ என்ற பிடிப்பு இருந்திருந்தால், மூன்றாம் வடிவத்தைக் கைவிட மனம் வந்திராது. ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒன்றை, யாரும் கட்டாயப்படுத்தாத நிலையில், ‘இது நோயாளிக்குத் தகாது’ என்று ஒதுக்கி வைப்பதற்குப் பெயர் பற்றின்மை. ஒதுக்கி வைத்துவிட்டு மறுநாள் காலையில் நான்காவதைத் தொடங்குவதும் அதே பற்றின்மைதான்.

இத்தனைக்குப் பிறகும், முதல் நோயாளி முதல் நோயாளிதான். கருவியும் ஆடும் எவ்வளவு சொன்னாலும் மனித உடல் என்ன சொல்லும் என்பதை அவைகளால் முழுதும் சொல்ல முடியாது. எஞ்சியிருக்கும் அந்தச் சிறு இருட்டை யாரேனும் ஒருவர் தம் உடலால் கடந்தே ஆக வேண்டும். அவருக்கு மருத்துவம் பட்டிருக்கும் கடனில் ஒரு பகுதியை உண்மையைச் சொல்வதால் தீர்க்கலாம். இன்னொரு பகுதி, அவரை மறக்காமல் தொடர்வது. 1990 டிசம்பரிலிருந்து 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு அவ்வால்வு பொருத்தப்பட்டு, அவர்களின் நிலை ஆண்டுகள் பல தொடர்ந்து கவனிக்கப்பட்டது. முடிவுகள் 2001-இல் மருத்துவ இதழில் வெளிவந்தபோது நலமாக இருந்தவர்களின் எண்ணிக்கையுடன், இறந்தவர்களும், இரத்தம் உறைந்து துன்புற்றவர்களும், இரத்தக் கசிவுக்கு ஆளானவர்களும் கணக்கில் வந்தனர். அதன் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில், அதே வால்வைப் பெற்றிருக்கிறார்கள்.

செயற்கை வால்வு பொருத்தியவருக்கு ஆபரேஷன் முடிந்ததோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். மிகுந்தால் உடலுக்குள் கசியும். ஆகவே குறிப்பிட்ட நாள்களில் இரத்தத்தைச் சோதித்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து அதிகாலை ரயிலில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்கி, மருத்துவக் கல்லூரிப் பேருந்தைப் பிடித்து, பழைய சீட்டுக் கட்டை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களை அங்கே காணலாம். அவர்களுள் சிலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வருபவர்கள். சீட்டை வாங்கிப் பார்க்கும் இளம் மருத்துவர், அந்த வால்வு பொருத்தப்பட்டபோது பிறந்திருக்கவே மாட்டார். ஆயினும் அவர் மாத்திரையின் அளவைத் திருத்தி எழுதி, அடுத்து வர வேண்டிய தேதியைச் சொல்லி, அது புரிந்ததா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு அனுப்புகிறார்.